கலை கற்பிக்கும் பதவி



பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையிலே கடைசல் இயந்திரத்தின் முன் நின்று உழைக்கும் தமிழர் பலர். அவர்கள் இல்லங்களிலும் மாலை வேளையில் பாட்டும் பரதமும் பயிலும் பிள்ளைகள் உண்டு. "இதனால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?" என்று தந்தையார் கேட்பாராயின், அது நியாயமான வினாவே. பல்கலைக்கழக ஆசிரியப் பதவி அதற்கு ஒரு விடை.

முன்னாளில் விரிவுரையாளர் என வழங்கிய அப்பதவிக்கு இன்று உதவிப் பேராசிரியர் என்று பெயர். பொதுவழி பலரும் அறிந்ததே. முதுகலைப் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்று, 'நெட்' எனும் தேசியத் தகுதித் தேர்விலோ, கர்நாடக மாநிலத் தகுதித் தேர்விலோ தேற வேண்டும். கன்னட வழியில் பயின்ற நம் பிள்ளைகள் மாநிலத் தேர்வைக் கன்னடத்திலேயே எழுதலாம்.

இசைக்கும் நடனத்துக்கும் மற்றொரு வழியும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, புகழ்பெற்ற ஆசானிடம் பயின்று, வானொலியிலோ தொலைக்காட்சியிலோ 'ஏ' தரம் பெற்ற கலைஞர், இளநிலைப் பட்டத்துடனேயே இப்பதவிக்குத் தகுதியுடையவர். வானொலி தன் பெருமையைத் தானே பேசுவதாக எண்ண வேண்டா. விதி அவ்வாறே அமைந்துள்ளது. ஆனால் பட்டம் இன்றியமையாதது. மேடை கிடைத்ததென்று கல்லூரியைக் கைவிடுவோர் இரு வழிகளையும் ஒருங்கே அடைத்துக் கொள்கின்றனர்.

அவ்விதி இன்னும் ஒன்று கேட்கிறது: கலையைக் காரணகாரியத்துடன் விளக்கும் ஆற்றல். பலர் இடறுவது இங்கேதான் என்பது என் கருத்து. வீணை தனம்மாளின் பேரர் டி. விசுவநாதன் பரம்பரை இசையிலே வளர்ந்தவர். திருப்பாம்பரம் சுவாமிநாத பிள்ளையிடம் குழல் பயின்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். காதால் பெற்ற இராக ஆலாபனையையே ஆய்வுப் பொருளாக்கி, 1975இல் வெசுலியனிலே முனைவர் பட்டமும் பெற்றார். ஆதலின், பாடிக் காட்டும் பிள்ளையிடம், "அந்தச் சுரம் அங்கே ஏன் அசைகிறது?" என்று இப்பொழுதே கேட்டுப் பழக்குங்கள்.

பதவிகள் மிகச் சில. கௌரவ விரிவுரையாளராகச் சொற்ப ஊதியத்தில் பல ஆண்டுகள் காத்திருக்கவும் நேரலாம். இதனைக் குடும்பத்தார் முன்னரே கலந்து பேசிக்கொள்வது நன்று. பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகம் பீன்யாவுக்குத் தெற்கே சில மைல் தொலைவில்தான் உள்ளது. அங்கே நிகழ்கலைத் துறை உண்டு. பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருப்போர் நேரிற்சென்று, முதுகலைச் சேர்க்கை பற்றி விசாரிக்கலாம்.