கூலி கொடுத்தால் கூரை நிற்கும்



'அரசுப் பள்ளிக் கட்டடம் நிலைத்து நிற்கப் பெரிதும் வேண்டுவது ஆயத்தமாய் வார்த்த புதிய பொருளா, கட்டுகிறவருக்கு நியாயமான கூலியா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "தோசை வார்க்கிற மாதிரி காங்கிரீட் பலகையை அச்சுல வார்க்கிறோம், லாரியில ஏத்துறோம், தூக்கி வைக்கிறோம், பள்ளிக்கூடம் ரெடி"ன்னார். ஐயா, தோசை தானாவா வேகுது? கல்லுக்கு முன்னால ஒரு அம்மா நிக்குதே, அதுக்குச் சம்பளம் கொடுத்தீங்களா? (சிரிப்பு)

புதிய பொருளை நான் பழிக்க வரவில்லை. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியின் கீற்றுக் கூரையில் பிடித்த தீ, 94 பிள்ளைகளைக் கொண்டு போனது. கெட்டியான கூரை வேண்டும் என்பதில் இந்த மேடையில் சண்டையே கிடையாது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், பலகை தனி, விட்டம் தனி என்று முன்னதாகவே வார்த்துத் தூக்கி வைக்கிற முறையைக் கொடுத்திருக்கிறது. சென்ட்ரிங் செலவு குறையும், வேலை சீக்கிரம் முடியும். நல்லதுதான். அந்த மார்க்கை எதிரணிக்கு நானே போட்டு விடுகிறேன்.

ஆனால் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இடுக்கு இருக்கிறதே, அதை யார் அடைப்பது?

லண்டனில் ரோனன் பாயிண்ட் என்று 22 மாடிக் குடியிருப்பு. சுவரெல்லாம் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து அடுக்கியது. 1968 மே 16 காலையில், 18ஆம் மாடியில் ஒரு பெண்மணி அடுப்புப் பற்ற வைத்தார். கசிந்திருந்த வாயு வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். பிறகு 1986ல் அதைப் பிரித்துப் பார்த்தால், கலவை இருக்க வேண்டிய இடுக்குகளில் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்திருக்கிறார்கள்! அங்கே என்ன கூலி கொடுத்தார்கள் என்பதல்ல என் வாதம். தொழிற்சாலையில் எத்தனை ஒழுங்காய் வார்த்தாலும், கடைசியில் ஒரு மனிதனின் கை வேண்டியிருக்கிறது. அந்தக் கையைக் கவனியுங்கள் என்கிறேன். (கைதட்டல்)

இன்னொன்று, தண்ணீர். காங்கிரீட் இறுகுவதற்கு ஈரம் காயக்கூடாது. இந்தியத் தர விதிப்படி குறைந்தது 7 நாள். வறண்ட வெயிலடிக்கிற இடத்தில் 10 நாள். நம்ம மதுரை வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? இந்தத் தண்ணியை ஊற்றுவது இன்ஜினியர் இல்லை, காண்டிராக்டர் இல்லை. ஆகக் குறைந்த கூலி வாங்குகிற சித்தாள்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வளாகத்திலேயே பலகை வார்த்து அடுக்கியிருந்தார்கள். நாலாவது நாள். தொட்டால் சுடுகிறது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. பக்கத்துத் தெருவில் அந்தச் சித்தாள் அம்மாவைப் பார்த்தேன். "ஏம்மா, தண்ணி ஊத்தலையா?"

"ரெண்டு நாளைக்குத்தான்யா சம்பளம் போட்டாக. அதுலயும் மேஸ்திரி பிடிச்சுக்கிட்டாரு. நான் மல்லியப் பூ எடுக்கப் போயிட்டேன்."

யாரைக் குறை சொல்வீர்கள்? அந்தப் பலகைக்குக் கீழேதான் அந்த அம்மாவின் பேரப்பிள்ளையும் உட்காரப் போகிறது.

கூலி ஏன் தேய்கிறது? டெண்டரில் போட்டி போட்டு 'லெஸ்' போடுகிறார்கள். சிமெண்ட் கம்பெனி விலையைக் குறைக்காது. கம்பி எடைபோட்டு வருகிறது. வாய் பேசாமல் குறைகிறது கூலி ஒன்றுதான்.

1982ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுக்காக நடந்த கட்டட வேலையைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. அன்றைக்குக் குறைந்தபட்சக் கூலி நாளைக்கு 9 ரூபாய் 25 காசு. நடுவில் நின்ற ஜமேதார் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டார். பெண்களுக்குக் கிடைத்ததோ 7 ரூபாய். நீதிபதி பகவதி அவர்கள் தீர்ப்பில் சொன்னார்: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு, காண்டிராக்டரைக் காட்டிவிட்டு அரசு ஒதுங்க முடியாது என்று. பள்ளிக்கூடம் யாருடையது? அரசுடையது. அப்போ கணக்கு கேட்க வேண்டியதும் அரசுதான்.

"கூலியைக் கூட்டினா பத்துப் பள்ளிக்கூடம் எட்டாப் போயிருமே"ன்னு எதிரணி அம்மா கேட்டாங்க. நல்ல கேள்வி. ஆனா, அம்மா, மதிப்பீடு போடும்போதே கொத்தனாருக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டுத்தான் தொகை வருது. நாங்க புதுசாக் கேக்கலை. எழுதின கூலி கைக்குப் போய்ச் சேரட்டும்ங்கிறோம். (கைதட்டல்)

வேலை நடக்கிற இடத்தில் போர்டு வைக்கிறோமே, மதிப்பீடு எவ்வளவு, திட்டம் என்னன்னு? அதுக்குக் கீழே ரெண்டு வரி சேருங்க: கொத்தனார் கூலி இவ்வளவு, சித்தாள் கூலி இவ்வளவு. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாம இருக்கலாம். பேரன் அதே பள்ளிக்கூடத்தில் மூணாம் வகுப்பு படிக்கிறான், எழுத்துக்கூட்டி வாசிச்சுக் காட்டிருவான்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார்.