பள்ளிக்கு வரும் செவிலியர்

1902-ல் நியூயார்க்கில் சொறி, கண்நோய் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். லினா ரோஜர்ஸ் என்ற செவிலியர் நான்கு பள்ளிகளுக்குப் போய் மருந்து போட்டார். வீடு தேடிச் சென்று தாய்மாருக்கும் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள்.

நம் நாட்டில் 2013 முதல் தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. செவிலியர் உயரம், எடை எடுப்பார். கீழிமையை இழுத்துப் பார்ப்பார். வெளுத்திருந்தால் ரத்தசோகையோ என்று சோதிக்கச் சொல்வார்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தாயும் தகப்பனும் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகும் வீடுகள் உண்டு. அங்கே பிள்ளையின் சோர்வு யார் கண்ணிலும் படாமல் போகலாம். பெற்றோரே, மருத்துவக் குழுவின் பரிந்துரைச் சீட்டு வந்தால் புத்தகப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். அந்த வாரமே பிள்ளையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.