எழுதியதை எடுக்கத் தெரிந்தவர்

இப்போதெல்லாம் படம் தொடங்கினால் முடியும்வரை பின்னணி இசை ஓயாது. கதவு திறந்தால் ஒரு முழக்கம், கதாநாயகன் திரும்பினால் இன்னொன்று. பதிவுக்கூடத்தில் வயலின் வாசிக்கும் எனக்கு அதுதான் சோறு போடுகிறது. இருந்தாலும் சொல்கிறேன்: இது இசை இல்லை, பயம். காட்சி தனியாக நிற்காதோ என்ற பயம்.

அந்தப் பயம் இல்லாதவர் ஜார்ஜ் ஓரிக். 1920களில் பாரிஸைக் கலக்கிய ‘அறுவர்’ இசையமைப்பாளர் குழுவில் எல்லோருக்கும் இளையவர். கச்சேரி மேடைக்கு எழுதிய அதே அக்கறையோடு சினிமாவுக்கும் எழுதினார். திரையிசை என்றால் மோரிஸ் ழோபேரைப் புகழ்வார்கள், மோரிஸ் ழாரைப் புகழ்வார்கள். புகழட்டும். என் ஓட்டு ஓரிக்குக்கே.

1946இல் ழான் காக்தோ எடுத்த ‘அழகியும் மிருகமும்’ படத்தைப் பார்த்திருப்பீர்கள். அழகி மாளிகைக்குள் நுழைகிறாள். வசனம் கிடையாது. சொற்களற்ற சேர்ந்திசைக் குரல்கள் வாத்தியங்களோடு கலந்து எழுகின்றன. அவள் பயத்தை இசை நமக்கு விளக்கவில்லை. மாளிகையின் மாயத்தை மட்டும் சொல்கிறது. விளக்காத இசை, கவனியுங்கள், விளக்காத இசை!

ஆனால் நான் அதிகம் மதிப்பது 1955இல் வந்த ‘ரிஃபிஃபி’. நகைக்கடைக் கொள்ளைக் காட்சி, ஏறத்தாழ அரை மணி நேரம். அதற்கு ஓரிக் இசை எழுதிவிட்டார். இயக்குநர் ஜூல்ஸ் தசான் காட்சியை இசையோடு ஒருமுறை, இசையில்லாமல் ஒருமுறை போட்டுக் காட்டினார். இசை வேண்டாம் என்று ஓரிக்கே ஒப்புக்கொண்டார். இன்று அங்கே கேட்பது உளிச் சத்தம், மூச்சு, இருமல். மேல்தளத்தைத் துளைக்கையில் உதிரும் காரைத் துண்டுகள் கீழே விழுந்து சத்தம் போடாதபடி ஓட்டை வழியே குடையை விட்டு விரிக்கிறார்கள். நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். எழுதியதை எடுத்துவிட்டார், நேயர்களே, எழுதியதை எடுத்துவிட்டார்!

நான் வாசித்த ஒரு பதிவில் இதற்கு நேர்மாறாக நடந்தது: மகனைக் கண்ட தாயாக நடித்தவர் கண்ணாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதன்மேல் எங்களை உருகி உருகி வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தோம். தாயின் முகம் எங்கள் வயலின்களுக்கு அடியில் போய்விட்டது.

ஓரிக்குக்கு மெட்டு வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். ‘மூலான் ரூஜ்’ படத்துக்கு அவர் போட்ட வால்ட்ஸ் 1953இல் அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலின் உச்சிக்கே போனது. அப்படி எழுத வல்லவர்தான் வேண்டாத இடத்தில் பேனாவை மூடினார். பின்னணி இசை கற்கும் பிள்ளைகளுக்கு என் யோசனை இதுதான்: முதலில் ‘ரிஃபிஃபி’யைப் பாருங்கள், வால்ட்ஸை அப்புறம் கேட்கலாம்.