கலம் விளக்குதல்: கையோ, இயந்திரமோ?

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இவ்விழாவில் எம்மைப் பேசப் பணிக்கும் சங்கத்தார், இலக்கியத்திலிருந்து ஒரு பொருளைத் தருவதே வழக்கம். இவ்வாண்டு யாமே வேறொரு பொருளை வேண்டிப் பெற்றோம். அது பாத்திரங் கழுவுதல் என்பது. இதனைக் கேட்டமாத்திரத்தில் முன்வரிசையில் வீற்றிருக்கும் ஆடவர் சிலர் நகைக்கின்றனர். தாய்மார் பக்கத்தில் ஒருவரும் நகைத்திலர். எமது உரைக்கு இதனினும் தக்க தோற்றுவாய் வேண்டுவதில்லை.

தமிழில் இத்தொழிலுக்குச் சொற்கள் பல உள. சில ஊரார் துலக்குதல் என்பர். சிலர் தேய்த்தல் என்பர். தென்பாண்டி நாட்டார் பலர் விளக்குதல் என்பர். ஆசிரியன் மாணவனுக்குப் பொருள் விளங்கச் செய்வதும் விளக்குதலே. பெண்டிர் முற்றத்தில் கலத்தை ஒளிபெறச் செய்வதும் விளக்குதலே. சொல் ஒன்றாயிருப்பினும், முன்னதற்குக் கூலியும் மதிப்பும் கொடுத்த உலகம் பின்னதற்கு இரண்டும் கொடுத்திலது. முன்னதைச் செய்து பிழைக்கும் யாம் பின்னதைப்பற்றிச் சில சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

பாத்திரங்கழுவி இயந்திரத்தை வாங்கலாமா, அது வீண் ஆடம்பரமா என்னும் வினா இப்பொழுது நம்மவர் இல்லங்கள் பலவற்றில் எழுந்துள்ளது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க் காலத்து ஊரடங்கினால் வேலைக்காரர் வர இயலாதபொழுது, நம் நாட்டில் இதன் விற்பனை பெருகிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் இதன்மீதுள்ள சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தமையின், கேட்போர் தொகை மேலும் மிகுந்தது. ஆதலின் இதனை ஆராய்ந்து முடிவு காண்டல் நலம்.

முதற்கண் இதன் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். அமெரிக்க நாட்டில் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் என்னும் ஊரில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் என்னும் அம்மையார், 1886ஆம் ஆண்டில் இவ்வியந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1850இலேயே மரத்தாலான கருவி ஒன்றிற்கு வேறொருவர் உரிமை பெற்றிருந்தும், செவ்வையாகத் தொழிற்பட்டது இவ்வம்மையார் கண்டதே. வேலைக்காரர் கழுவுங்கால் தம் விலையுயர்ந்த பீங்கான் தட்டுகள் விளிம்பு உடைந்ததுபற்றியே இவர் இம்முயற்சியில் இறங்கினார் என்று சொல்லப்படுகின்றது. 1883இல் கணவர் கடன் வைத்து இறந்தபின் அதுவே அவருக்குப் பிழைப்பாயிற்று. 1893இல் சிகாகோ நகரத்து உலகக் கண்காட்சியில் இவ்வியந்திரம் பரிசு பெற்றது. எனினும் முதலில் வாங்கினவர் உணவு விடுதியாரே. இல்லங்களில் இது பரவப் பன்னெடுங் காலம் சென்றது.

இனி, இது தொழிற்படும் முறையைக் காண்போம். நம் பாட்டிமார் பித்தளையையும் செம்பையும் புளியால் துலக்கினர். எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பலாலும் சிகைக்காயாலும் போக்கினர். புளியிலுள்ள புளிப்பு களிம்பைக் கரைக்கும். சாம்பலிலுள்ள காரம் எண்ணெயைச் சோப்பாக மாற்றிக் கழற்றும். எஞ்சிய வேலையைத் தேங்காய்நாரும் தோளின் வலியும் செய்தன. இயந்திரம் தேய்ப்பதேயில்லை. சுழலும் குழாய்க் கைகளிலிருந்து சுடுநீரை விசையுடன் பீய்ச்சும். அந்நீரையே வடிகட்டி மீண்டும் மீண்டும் பயன்படுத்தும். அதிலிடும் தூளிலும் காரமே தலைமையானது. அதனுடன் சோற்றுப் பசையையும் பருப்பு, பால் முதலியவற்றின் பற்றையும் சிதைக்கும் நொதிகளும் உண்டு. கை பொறுக்கமாட்டாத சூடும் காரமும் சேர்ந்து, ஒருமணி முதல் மூன்றுமணி நேரம்வரை வேலை செய்கின்றன. கையின் உரத்திற்குப் பதிலாகச் சூட்டையும் பொழுதையும் செலவிடுவதே இதன் மறைபொருள் என்க.

நீர்ச்செலவை நோக்கின், இக்காலத்து நல்ல இயந்திரம் ஒருமுறைக்கு ஏறக்குறைய 10 முதல் 15 லிட்டர் நீரே கொள்ளும். ஜெர்மனி நாட்டுப் பான் பல்கலைக்கழகத்தார் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தபொழுது, பன்னிருவர் உண்ட கலங்களைக் கையால் கழுவினோர் சராசரியாக 100 லிட்டர் அளவு நீர் செலவிட்டனர் எனக் கண்டனர். மின்சாரமும் கைமுறைக்கே மிகுதி என அவர் கண்டனர். ஆனால் இதனை நாம் அப்படியே ஏற்றல் கூடாது. அந்நாட்டார் சுடுநீரால் கழுவுவர், அந்நீரைக் காய்ச்சும் செலவே அக்கணக்கிற் பெரும்பகுதி. நாமோ தண்ணீராற் கழுவுகின்றோம். ஆகவே நமக்கு இயந்திரம் நீரை மிச்சப்படுத்தும். மின்சாரத்தையோ புதிதாகக் கேட்கும், ஒருமுறைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்.

இன்னுமொரு செய்தி. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரண்டு தொட்டி வைத்து, ஒன்றில் சோப்பு நீரால் தேய்த்து மற்றொன்றில் அலசும் முறையே சூழலுக்குக் கேடு மிகக் குறைந்ததெனக் கண்டனர். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுதலே நீரை வாரியிறைப்பது. 2019இல் சென்னை மாநகரம் குடிநீருக்குத் தவித்ததைக் கண்ட நமக்கு இது சிறு செய்தியன்று.

இயந்திரத்தில் இடத்தகாத கலங்களும் உள. அலுமினியம் கறுக்கும்; இரும்பு வாணலியும் தோசைக்கல்லும் எண்ணெய்ப் பதம் இழந்து துருவேறும்; பித்தளையும் செம்பும் மங்கும்; ஈயச் செம்பும் மரக்கரண்டியும் கெடும். எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி ஆகியனவே தக்கவை. ஆழ்துளைக் கிணற்று உவர்நீர் உள்ள ஊரில் அதற்கென உள்ள உப்பைத் தவறாது இடாவிடில் கலங்கள் வெண்பூச்சுப் பூக்கும். கறிவேப்பிலையும் பருக்கையும் வடிகட்டியை அடைக்குமாதலின் அவற்றை முன்னரே வழித்தெறிதல் வேண்டும்.

இம்மட்டும் சொன்னவை ஏட்டுச் செய்திகள். இனி எம் இல்லத்துச் செய்தியைக் கூறுவோம். கூறுதற்குச் சிறிது நாணமும் உண்டு.

எம் இல்லத்தில் அன்னையார், மனைவியார், மக்கள் மூவர், யாம் என அறுவர். மனைவியாரும் அலுவலகம் செல்பவர். சென்ற ஆண்டு அவர் இவ்வியந்திரத்தை வாங்கலாமா என வினவினார். யாம் உடனே ஒரு தாளெடுத்துக் கணக்கிட்டோம். எம் ஊர்க் கடையிற் கேட்ட விலை 40,000 ரூபா. பத்தாண்டு உழைக்குமெனக் கொண்டால் ஆண்டுக்கு 4,000. மின்சாரம் யூனிட்டுக்கு 6 ரூபாவாகக் கொண்டால் 2,200. தூள், உப்பு, அலசும் நீர்மம் மூன்றிற்கும் ஒருமுறைக்கு 13 ரூபா வீதம் 4,800. ஆக ஆண்டுக்கு 11,000 ரூபா. கையால் துலக்குதற்கோ, சோப்பும் நாரும் மாதம் 150 வீதம் ஆண்டுக்கு 1,800 ரூபாவே. ஆகவே இயந்திரம் வேண்டா என முடிவெழுதிக் காட்டினோம். மனைவியார் படித்துவிட்டு ஒன்றும் பேசாது தாளை மேசைமேல் வைத்தார்.

அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த எம் மகள் அத்தாளை எடுத்துப் பார்த்து, "அப்பா, நானும் அம்மாவும் செலவழிக்கும் நேரம் இதில் எந்த வரியில் இருக்கின்றது?" என்றாள். யாம் விடை தேடுமுன்னரே, "அண்ணன் இத்தேர்வை எழுதிய ஆண்டில் ஒருநாளேனும் பாத்திரம் துலக்கினானா?" என்றும் கேட்டாள். துலக்கிற்றிலன். படிப்புக் கெடுமென்று யாமே அவனைத் தண்ணீர் மொண்டு குடிக்கவும் எழவிட்டதில்லை.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. சில ஆண்டுகட்குமுன் எம் வகுப்பிலிருந்த ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள். மூன்று நாள் தொடர்ந்து வீட்டுப்பாடம் எழுதாது வந்தமையால் அவளை வகுப்பின் வெளியே நிற்கவைத்தோம். காரணம் கேட்டதற்கு அவள் வாய் திறந்திலள். தாய் ஆலை வேலைக்குச் செல்ல, எழுவர் உண்ட கலங்களை இரவும் காலையும் அவளே கழுவி வந்தாளென்பது பின்னரே தெரிந்தது. அவளுடன் பிறந்த தமையனும் எம் மாணவனே. அவன் வீட்டுப்பாடம் தவறினதில்லை. அவனைச் சுறுசுறுப்புடையவன் என்று பலர்முன் பாராட்டியுமிருக்கின்றோம்.

மறுநாள் முதல் ஒருதிங்கள் யாமே கலம் துலக்குவதென உறுதிகொண்டோம். அன்னையார், "ஏனப்பா, ஆண்பிள்ளை எச்சில் பாத்திரத்தில் கைவைப்பதா?" என வருந்தினார். முதல் வாரம் நாளொன்றுக்கு ஒருமணி பத்து நிமிடம் ஆயிற்று, இடுப்பு நொந்தது, விரல் நுனிகள் வெடித்தன. குழாயடியில் வாளி வைத்து அளந்தபொழுது 110 லிட்டர் நீர் சென்றிருந்தது. பின்னர்க் கலங்களை ஊறவைத்து, இரண்டு தொட்டி முறையைக் கைக்கொண்டோம். நீர் 35 லிட்டராகக் குறைந்தது. நேரம் மட்டும் ஒருமணிக்குக் கீழ் இறங்கவில்லை. நாள்தோறும் தொழில் அதே அளவில் காத்திருந்தது.

திங்கள் முடிவில் பழைய தாளை எடுத்துத் திருத்தினோம். இயந்திரம் வந்தாலும் அடுக்குதல், எடுத்துவைத்தல், பெரிய கலங்களைக் கையால் துலக்குதல் ஆகியவற்றிற்கு அரைமணி வேண்டும். எனவே யாம் தொடக்கத்திற் செலவிட்ட நேரத்தோடு ஒப்பிட நாளொன்றுக்கு மிச்சம் 40 நிமிடம். ஆண்டுக்கு 243 மணி. எட்டுமணி வேலைநாளாகக் கணக்கிட்டால் முப்பது நாள்! இதற்கு யாம் கூடுதலாகக் கொடுக்கும் விலை 9,200 ரூபா. அஃதாவது மணிக்கு 38 ரூபா. "எம் மனைவியாரின் ஒருமணி நேரம், எம் மகளின் ஒருமணி நேரம், 38 ரூபா பெறுமா?" என்பதே உண்மையான வினா. முதற்கணக்கில் அதனை யாம் சுழியமாக வைத்திருந்தோம். எழுதாமல் விட்டதால் அது எம் கண்ணுக்கும் தோன்றவில்லை.

ஆறு திங்கள் சென்றபின் இயந்திரம் வாங்கினோம். கதை அத்துடன் முடியவில்லை. பத்து நாளில், அடுக்குவதும் எடுப்பதும் வடிகட்டியைக் கழுவுவதும் மனைவியார் ஒருவர் தலையிலேயே விழுந்ததைக் கண்டோம். "இயந்திரந்தான் வந்துவிட்டதே" என்று மைந்தர் இருவரும் நழுவினர், யாமும் நழுவினோம். ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர், தாய்க்கு மேலும் வேலை எனப் பொருள்படும் தலைப்புடன் 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டுக் கருவிகள் பெருகியும் இல்லத்தரசியின் வேலைநேரம் எதிர்பார்த்தவாறு குறையவில்லை என்பது அதன் கருத்து. எம் வீட்டுச் சமையலறையிலேயே அதற்குச் சான்று கிடைத்தது. அதன்பின் முறை வகுத்துக்கொண்டோம்; இரவில் மைந்தர் அடுக்குவர், விடியலில் யாம் எடுத்துவைப்போம், பெரிய கலங்கள் வாரமுறையில் ஐவர்க்கும் பொது. இன்றுவரை அது நடைபெறுகின்றது.

ஆகலின் யாம் கண்ட முடிபு இது. இருவர் மூவரேயுள்ள இல்லத்தார்க்கு இவ்வியந்திரம் பெரும்பாலும் வேண்டா. இரண்டு தொட்டி போதும். ஐவர் அறுவருக்கு மேற்பட்டு, பெண்டிர் வெளியே உழைத்தும் வரும் இல்லத்தில், நீரும் மின்சாரமும் தடையின்றிக் கிடைக்குமாயின், இது கொடுத்த பொருளுக்குத் தக்கதே. ஆயினும் கடன்பட்டு வாங்கற்க. வேலைக்காரி உள்ள இல்லத்தார் இதைக் காட்டி அவ்வேழையின் கூலியைக் குறைக்கற்க; வேறு வேலை கொடுத்து அதே கூலியை அளித்தல் அறம்.

நம் இனத்தாருக்கு இன்னொன்றும் சொல்லுதல் வேண்டும். குளிர்ப்பெட்டியும் சலவை இயந்திரமும் சீர்வரிசையில் ஏறிய வரலாறு நாம் அறிந்ததே. நாளை இதனையும் அப்பட்டியலில் ஏற்றற்க. தம் வீட்டு எச்சிற் கலத்தைக் கழுவும் கருவியைப் பெண்ணைப் பெற்றவர் விலைகொடுத்து அனுப்பவேண்டுமெனக் கேட்டல், நம்மில் ஆண்மக்கள் உள்ள வீடுகட்கு நாணத்தக்க செயலாகும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் விழாக்களில் பந்தி பரிமாறுதற்கு இளைஞர் ஒருவரையொருவர் முந்துவர், அது போற்றத்தக்கதே. பந்தி முடிந்தபின் கொல்லைப்புறத்துக் குழாயடியில் அவருள் ஒருவரையும் காண்பதரிது. அங்கே நம் சகோதரிமாரும் கூலிக்கு வந்த மூதாட்டியருமே குனிந்திருப்பர். இன்று பகலுணவு முடிந்ததும் யாம் அக்குழாயடிக்குச் செல்ல எண்ணியுள்ளோம். மூதாட்டியர்க்குப் பேசிய கூலி குறையாது கிடைக்குமெனச் செயலாளர் ஒப்புக்கொண்டுள்ளார். நாரும் தூளும் அங்கே உள. உடன்வர விரும்பும் இளைஞர் வருக.