'பரவாயில்லை' என்பதற்கும் ஓர் எல்லை வேண்டும்

(லுணுகலையில் நடைபெற்ற தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தொழிற்சங்கம் எதற்கு என்று கேட்டால் சம்பளத்துக்கு என்போம். வேலைக்கு ஒரு முடிவு நேரம் வேண்டும் என்பதும் அதே அளவு பழைய கோரிக்கை. 1886இல் சிக்காகோ தொழிலாளர்கள் கேட்டது எட்டு மணி நேர வேலைநாள். அதை நினைத்துத்தான் நாம் மே தினம் கொண்டாடுகிறோம். மலையிலும் அந்த எல்லையைக் காக்கிறோம். நிறுவையில் கூடுதலாகக் கழித்தால் கேட்கிறோம். அரைப்பேர் போட்டால் தலைவரிடம் போகிறோம்.

லயத்துக்குத் திரும்பியதும் அந்த எல்லை எங்கே போகிறது?

இருட்டோடு எழும்பி அடுப்பு மூட்டுவது யார்? பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, சின்னதைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவது யார்? அந்தியில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து மறுபடி சமைத்து, எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடுவது யார்? கேட்டால் "பரவாயில்லை" என்கிறோம். காய்ச்சல் அடித்தாலும் பரவாயில்லை. முழங்கால் வீங்கினாலும் பரவாயில்லை.

ஒரு காலத்தில் நமது தோட்டங்களில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம்தான். 1984இல் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகே இரண்டும் சமமாயின. வீட்டு வேலைக்கு அப்படி ஓர் ஒப்பந்தம் இன்னும் எழுதப்படவில்லை.

குடும்பத்துக்காகப் பாடுபடுவது தப்பு என்று நாம் சொல்லவில்லை. விரும்பிக் கொடுப்பது அன்பு. மாட்டேன் என்று சொல்ல வாயே இல்லாத ஒருத்தியிடமிருந்து நாள்தோறும் வாங்கிக்கொண்டே இருந்தால், அதற்கு மலையில் நாம் வைத்திருக்கும் பேர் வேறு. இதைப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். அம்மாவுக்கு முடியாத நாளில் பாடசாலைக்கு வராமல் நிற்பது பெரும்பாலும் மகள்தான். மகனின் புத்தகப்பை வழக்கம்போல் வந்துவிடுகிறது.

ஆகவே மூன்று இடங்களில் கோடு போடுவோம்.

முதலாவது, உடம்பு. இருப்பதைப் பங்கு போடும்போதே அம்மாவின் பங்கையும் தனியே எடுத்து வையுங்கள். முடியாத நாளில் மருந்தெடுக்கப் போங்கள். கொழுந்து நாளைக்கும் வளரும்.

இரண்டாவது, கையெழுத்து. நுண்கடனுக்குப் பிணை நிற்கச் சொல்லிப் பக்கத்து வீட்டார் வருவார்கள், சொந்தமும் வரும். கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் பிணை நின்றவர்தான் கட்ட வேண்டும். முகத்துக்காகப் போட்ட ஒரு கையெழுத்தால் மாதக்கணக்கில் சம்பளத்தை இழக்க வேண்டி வரலாம். "கோபிக்காதீங்க அக்கா, நான் யாருக்கும் பிணை நிக்கிறதில்ல" என்று சொல்லப் பழகுவோம். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது, சேமலாப நிதி. மாதாமாதம் நமது சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிக்கிறார்கள். நிர்வாகம் 12 போடுகிறது. நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் இன்னும் 3 போடுகிறது. பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியைப் பெற விண்ணப்பிக்கலாம். காசு வருமுன்பே வீட்டில் கணக்குப் போட்டுவிடுகிறார்கள்: மகனுக்கு ஆட்டோ, மகளின் கலியாணம், அப்பாவின் கடைக்கடன். முப்பது வருசம் அட்டைக்கடி பட்டுச் சேர்த்தது ஒரே மாதத்தில் தீர்ந்துபோகிறது. பிறகு வெற்றிலைக்குக்கூட மருமகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். "தம்பி, கொஞ்சம் தாரேன், முழுசும் தரமாட்டேன். இது என் வயசான காலத்துக்கு" என்று சொல்லும் தாய் கல்நெஞ்சக்காரி இல்லை. நாளைக்கு மகனுக்குப் பாரமாகாமல் இருக்கவும் அதுவே வழி.

முதல் தடவை சொல்லும்போது வீட்டில் முகம் சுருங்கும், சத்தமும் வரும். அதனால்தான் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம் என்கிறோம். 2015 செப்டெம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் நம்மைப் போன்ற தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதியில் இறங்கினார்கள். போனசை 10 வீதமாகக் குறைத்ததற்கு எதிராக, 20 வீதம் கேட்டார்கள். தங்களுக்காக ஆண் தலைவர்கள் பேச வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். போனசும் மேலதிகக் கொடுப்பனவுமாகச் சேர்த்து அந்த 20 வீதத்தை வாங்கினார்கள். ஒருத்தியாக நின்றிருந்தால் முடிந்திருக்குமா?

வீட்டிலும் அப்படித்தான். ஒரு லயத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரே வார்த்தையைச் சொன்னால், அது அந்த லயத்தின் வழக்கமாகிவிடும். யாருக்காவது அடி விழுந்தால், மிரட்டல் வந்தால், மாதர் தலைவியிடம் அன்றைக்கே சொல்லுங்கள். அதைக் குடும்ப விசயம் என்று சங்கம் ஒதுக்கக் கூடாது.

தோழர்களே, உங்களுக்கும் ஒன்று. பின்னேரம் ஆறு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்கிறோம். அந்த நேரத்தில் அவர்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். இனிக் கூட்டத்தை ஞாயிறு காலையில் வைப்போம். அன்றைக்கு ரொட்டியை நீங்கள் சுடுங்கள். கருகினாலும் பரவாயில்லை. அந்த ஒரு வார்த்தையை இனி நீங்கள் சொல்லிப் பழகுங்கள்.