மலாக்காவில் ஒரு பகல்: எந்த அருங்காட்சியகங்களைக் காண்பது?



கல்விச் சுற்றுலாவாக மலாக்கா செல்லும் பேருந்து காலை பத்து மணிக்கு நகரை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலை நான்கு மணிக்கு அது திரும்ப வேண்டும். உணவுக்கும் ஓய்வுக்கும் போக, கையில் எஞ்சுவது நான்கு மணி நேரம். செயிண்ட் பால் குன்றைச் சுற்றியும் ஆற்றங்கரையிலும் பழைய தெருக்களிலும் பத்துக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நுழைந்து வெளியேறினால் மாணவர் மனத்தில் ஒன்றும் தங்காது. ஆகவே தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

அந்தத் தேர்வைப் பயண ஏற்பாட்டில் ஒரு சிறு வேலையாக எண்ணிவிடுகிறோம். உண்மையில், எந்த வாயிலில் மாணவர்களை நிறுத்துகிறோமோ அந்த வாயில் வழியாகவே அவர்கள் வரலாற்றுக்குள் நுழைகிறார்கள். நாம் கடந்து சென்ற வாயிலுக்குப் பின்னால் இருந்த மக்கள் அவர்களுக்கு இல்லாதவர்களாகவே ஆகிவிடுகிறார்கள். எனவேதான் இன்றைய உரைக்கு இதனைப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் நகரத்தின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். மலாய் சுல்தான்களின் துறைமுகமாகப் புகழ்பெற்ற மலாக்காவை 1511இல் போர்த்துகீசியர் கைப்பற்றினர். 1641இல் டச்சுக்காரர் வென்றனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 2008இல் ஜார்ஜ் டவுனுடன் இணைத்து யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. போர்த்துகீசியர் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் இங்கு வாழ்ந்த தோமே பிரேஸ், இத்துறைமுகத்தில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். இத்தனை வாய்கள் பேசிய ஊரை ஒரே வாய்மொழியால் அறிந்துகொள்ள இயலாது.

தேர்வு செய்வதற்கு மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன்.

முதற்கேள்வி: நாம் காணப்போவது மூலமா, படியா?

நகர நடுவே செந்நிறத்தில் நிற்கும் ஸ்டாட்ஹைஸ், பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கட்டிய ஆட்சிமனை. இன்று அது வரலாறு, இனவியல் அருங்காட்சியகம். அங்கே சுவரும் படிக்கட்டும் மரவேலையும்கூடக் காட்சிப்பொருள்களே. ஆளுநர் இருந்து ஆண்ட கட்டடத்திற்குள்ளேயே நின்று ஆட்சியைப் பற்றிப் படிக்கிறோம்.

குன்றின் மறுபக்கத்தில் இருக்கும் மலாக்கா சுல்தான்கள் அரண்மனை அப்படிப்பட்டதன்று. சுல்தான் மன்சூர் ஷாவின் அரண்மனையைப் பற்றி 'செஜாரா மெலாயு' தரும் வருணனையைக் கொண்டு 1980களில் மரத்தால் எழுப்பப்பட்டது அது. படி என்பதற்காக அதை ஒதுக்கிவிடலாமா? கூடாது என்பேன். மொழி கற்பிக்கும் நமக்கு அதைவிட அரிய பாடம் வேறில்லை. கட்டடம் அழிந்தது, அதைப் பற்றி எழுதிய சொற்கள் அழியவில்லை, சொற்களிலிருந்து கட்டடம் மீண்டும் எழுந்தது. வருணனைக் கட்டுரை எழுதுவதால் என்ன பயன் என்று கேட்கும் மாணவனை அந்த அரண்மனையின் முன் நிறுத்துங்கள்.

இன்னொன்றையும் அங்கே கேட்கலாம். ஆண்டவர்களில் டச்சுக்காரரின் மனை மூலமாகவே நிற்க, சுல்தான்களின் மனை மட்டும் ஏன் படியாக நிற்கிறது? மரம் இந்த மண்ணின் மழைக்கும் நெருப்புக்கும் நீண்டநாள் தாங்காது என்பது ஒரு காரணம். வென்றவர்கள் தோற்றவரின் கட்டடங்களை விட்டுவைக்கவில்லை என்பது மற்றொன்று. போர்த்துகீசியர் தம் கோட்டைக்குப் பள்ளிவாசலின் கற்களையும் அரச கல்லறைகளின் கற்களையும் பயன்படுத்தினர். அக்கோட்டையையும் 1807இல் ஆங்கிலேயர் இடிக்கத் தொடங்கினர். அ ஃபாமோசா என்று நாம் படம் எடுத்துக்கொள்வது எஞ்சிய ஒரு வாயில் மட்டுமே. அதன் நெற்றியில் இருப்பதோ டச்சு வணிகக் கழகத்தின் சின்னம். எது மிஞ்சியது, எது மிஞ்சவில்லை என்பதே ஒரு வரலாறு.

இரண்டாம் கேள்வி: இங்கே பேசுவது யார்?

ஆற்றங்கரையில் கடல்சார் அருங்காட்சியகம் பெரிய கப்பல் வடிவில் நிற்கிறது. அது 'ஃப்ளோர் டி லா மார்' என்னும் போர்த்துகீசியக் கப்பலின் படி. மலாக்காவிலிருந்து கொள்ளையிட்ட செல்வத்தை ஏற்றிக்கொண்டு போன அந்தக் கப்பல், 1511ஆம் ஆண்டின் இறுதியில் சுமத்திராக் கரையருகே மூழ்கியது. கொண்டு சென்றவனின் கப்பலை, பறிகொடுத்தவரின் ஊர் தன் கரையில் நிறுத்தியிருக்கிறது. இந்த முரணைச் சொல்லாமல் மாணவர்களைக் கப்பலில் ஏற்றினால் அது வெறும் விளையாட்டாக முடியும். சொல்லி ஏற்றினால், ஒரே பொருளை வென்றவனும் தோற்றவனும் எவ்வாறு பார்ப்பார்கள் என்ற சிந்தனை பிறக்கும்.

இதே கேள்வியை விடுதலைப் பிரகடன நினைவகத்திலும் எழுப்பலாம். 1912இல் கட்டப்பட்ட அக்கட்டடம் காலனிய காலத்தில் மலாக்கா கிளப்பாக இருந்தது. அதன் அருகிலுள்ள திடலில்தான் 1956 பிப்ரவரி 20ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலைக்கான நாளை மக்களுக்கு அறிவித்தார். ஆள்வோர் பொழுதுபோக்கிய இடம், ஆளப்பட்டோரின் கதையைச் சொல்லும் இடமாக மாறியிருக்கிறது.

துன் டான் செங் லாக் தெருவிலுள்ள பாபா நோன்யா பாரம்பரிய அருங்காட்சியகத்தில் குரல் மாறுகிறது. அங்கே அரசு பேசவில்லை. ஒரு குடும்பம் பேசுகிறது. தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டையே அக்குடும்பத்தார் திறந்துவைத்துள்ளனர். முன்கூடம், வானம் தெரியும் முற்றம், சமையலறை என்று நடக்கும்போது சீனமும் மலாயும் ஒரே கூரையின் கீழ் கலந்த விதம் விளங்கும்.

மூன்றாம் கேள்வி: யார் விடுபட்டிருக்கிறார்கள்?

இங்குதான் நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுல்தான்கள் காலத்துத் துறைமுகத்தில் சோழமண்டலக் கரை வணிகர்கள் செல்வாக்கோடு வாழ்ந்தனர். நைனா சட்டு என்னும் வணிகர் போர்த்துகீசியர் ஆட்சியின் தொடக்கத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். அத்தகைய வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகமே மலாக்கா செட்டிகள். டச்சு ஆட்சியில், 1781இல், இவர்கள் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் பொற்கொல்லர் தெருவில் இன்றும் நிற்கிறது. அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளிச் செங் ஹூன் தெங் சீனக்கோயிலும் இருக்கின்றன. நுழைவுச்சீட்டு இல்லாத அருங்காட்சியகம் அந்தத் தெரு.

காஜா பெராங் பகுதியிலுள்ள கம்போங் செட்டியில் இச்சமூகத்துக்கென ஒரு சிறிய அருங்காட்சியகம் உண்டு. குன்றைச் சுற்றியுள்ள இடங்களிலிருந்து அது விலகி இருப்பதால் பெரும்பாலான பயணத் திட்டங்களில் அது இடம்பெறுவதில்லை. தமிழ் மாணவர்களின் பேருந்தும் அதைக் கடந்து போய்விடுவது வருத்தத்திற்குரியது.

அங்கே செல்லும்போது ஒரு பண்பு தேவை. செட்டிகளின் வீட்டுமொழி மலாய். பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் உடுத்துவர். ஆயினும் அவர்கள் சைவர்கள், பொங்கல் கொண்டாடுகிறார்கள், முன்னோர்க்குப் படையலிடும் 'பார்ச்சு' வழிபாட்டை விடாது செய்கிறார்கள். 'தமிழை இழந்தவர்கள்' என்று இரக்கத்தோடு பார்ப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மொழி போனாலும் ஐந்நூறு ஆண்டுகளாகச் சமயத்தையும் சடங்கையும் காத்தவர்களை எச்சரிக்கைப் பலகையாகக் காட்டுவது முறையன்று. மொழி எப்படிப் போகிறது, அது போன பின் எவை நிலைக்கின்றன, எவற்றை மீட்க முடியாது என்பவற்றை அவர்களிடம் கேட்டறிவதே முறை. மொழியைக் காக்க விரும்புவோர்க்கு இதைவிடப் பயனுள்ள வகுப்பறை இல்லை.

சரி, நான்கு மணி நேரத்தில் எவற்றைக் காண்பது? என் பரிந்துரை மூன்று: சுல்தான்கள் அரண்மனை, ஸ்டாட்ஹைஸ், கம்போங் செட்டி. முதலிரண்டும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளவை. மூன்றாவதற்குப் பேருந்தில் செல்லலாம். விடுமுறை நாள்களும் திறக்கும் நேரங்களும் இடத்துக்கு இடம் மாறுவதால் முன்னதாகக் கேட்டறிவது நன்று. இரண்டாம் முறை செல்லும் வாய்ப்புக் கிட்டினால் பாபா நோன்யா இல்லத்தையும் விடுதலை நினைவகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

"கப்பலை விட்டால் மாணவர்கள் விடுவார்களா?" என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. கப்பலின் பெருமையைக் கரையில் நின்றே பார்த்துவிடலாம். பத்து நிமிடம் அங்கே நிறுத்தி, கப்பலுக்கு மலாயில் என்ன சொல் என்று கேளுங்கள். 'காப்பால்' என்பார்கள். கடைக்கு 'கெடாய்', பெட்டிக்கு 'பெத்தி'. வணிகர் ஏறிவந்த கலமும், அவர்கள் விற்ற இடமும், சரக்கை வைத்த பேழையும் சொற்களாக இன்றும் மலாய் மொழியில் வாழ்கின்றன. எந்தக் கண்ணாடிப் பேழையிலும் வைக்கப்படாத காட்சிப்பொருள்கள் இவை.

நிறைவாக, மாணவர்க்கு ஒரு பணி. ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து அதன் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். அது எதனால் ஆனது, யார் கையில் இருந்தது, விளக்கப் பலகை எதைச் சொல்லவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அப்பொருளுக்குத் தமிழில் ஐந்து வரியில் ஒரு விளக்கம் எழுதுங்கள். ஒரு பானைக்கும் ஒரு கதவுக்கும் ஒரு சாசனத்துக்கும் பிழையற்ற தமிழில் விளக்கம் எழுத முடிந்த மாணவனுக்குத் தமிழ் தேர்வுத்தாளோடு முடிந்துவிடாது. தான் வாழும் நாட்டை அறியவும் அறிவிக்கவும் உதவும் மொழியாகிவிடும்.