பொழுதுபோக்கு தொழிலாகும் பாதை

 

ஒருவர் விரும்பிச் செய்யும் பொழுதுபோக்கு, அவருக்குச் சோறிடும் தொழிலாக முடியுமா? இந்த வினாவுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம். பொழுதுபோக்கில் களைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். தொழிலில் களைத்தாலும் வாக்களித்த நாளில் வேலையை முடித்தாக வேண்டும். பொழுதுபோக்கில் நேரும் பிழை தன்னோடு போகும். தொழிலில் நேரும் பிழை பிறர் பொருளைக் கெடுக்கும். இவ்வேறுபாட்டை உணராமல் தொழிலில் இறங்கியோர் பொழுதுபோக்கையும் இழந்தனர், பொருளையும் இழந்தனர். உணர்ந்து இறங்கியோர் நிலைத்தனர்.

கார்களைத் துலக்கி மெருகேற்றும் வேலையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 'டீடெய்லிங்' என்ற பெயரில் இன்று நகரங்கள்தோறும் பரவிவரும் வேலை இது. இத்துறையில் பெரும்பெயர் பெற்ற 'மெகுவையர்ஸ்' நிறுவனம் 1901இல் அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தில் தோன்றியது. அதைத் தொடங்கிய பிராங்க் மெகுவையர் முதலில் செய்தது மரச்சாமான்களுக்கான மெருகு. தம் வீட்டு வண்டிக் கொட்டகையே அவருக்குத் தொழிற்கூடம். முட்டை கடையும் கருவியே கலவை இயந்திரம். அக்காலக் கார்கள் மரத்தாலான குதிரை வண்டிகளைப் போலவே கட்டப்பட்டு வண்ணம் பூசப்பெற்றன. ஆதலின் மரத்துக்கு ஆன மெருகு காருக்கும் ஆயிற்று. கொட்டகையில் தொடங்கிய அத்தொழில் நூறாண்டைக் கடந்து வளர்ந்தது. 2008இல் 'திரீ எம்' என்னும் பெருநிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. சிறிய தொடக்கம் இழிவன்று என்பதற்கு இது போதிய சான்று.

டீடெய்லிங் என்பதும் வாட்டர் வாஷ் என்பதும் ஒன்றல்ல. வாட்டர் வாஷ் அழுக்கை நீக்குவது. டீடெய்லிங் வண்ணத்தைக் காப்பது. இன்றைய காரின் தகட்டின்மேல் பிரைமர், வண்ணப்பூச்சு, 'கிளியர் கோட்' எனப்படும் நிறமற்ற மேற்பூச்சு ஆகியவை அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இவை அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தடிப்புத்தான். அவற்றுள் மேற்பூச்சின் பங்கு ஏறத்தாழ 40 அல்லது 50 மைக்ரான். அதாவது, தலைமுடி ஒன்றின் தடிப்பினும் குறைவு. வெயிலையும் மழையையும் தாங்கி வண்ணத்தைக் காப்பது அம்மெல்லிய படலமே. கீறலைப் போக்குவதற்காக மெருகிடும்போதெல்லாம் அப்படலத்தில் சிறிது தேய்கிறது. தேய்ந்தது மீண்டும் வளராது. எனவே, எவ்வளவு தேய்ப்பது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதை அறிவதே இக்கலையின் உயிர்.

வேலையின் ஒழுங்கும் அவ்வாறே நுட்பமானது. வண்டியை நிழலில் நிறுத்தி, சூடு தணிந்த பின்பே கழுவ வேண்டும். இரண்டு வாளிகள் தேவை: ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் துணியை அலசும் நீர். ஒரே வாளியில் துணியைத் தோய்த்துத் தோய்த்துத் துடைத்தால் வாளியில் சேர்ந்த மணலே வண்ணத்தைக் கீறும். ஆழ்குழாய் நீரில் உப்பு மிகுதியாக இருப்பின், உலர்ந்த இடமெல்லாம் வெண்புள்ளி படியும். ஆகவே, உடனுக்குடன் ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். பிரேக்கிலிருந்து தெறித்து ஒட்டிய இரும்புத் துகள்களைக் கரைக்கத் தனி மருந்து உண்டு. துகளைத் தொட்டதும் அது ஊதா நிறமாக மாறும். கரையாமல் எஞ்சும் பிசுக்கைக் களிமண் போன்ற மென்கட்டியால் உருட்டியெடுப்பர். இவையெல்லாம் முடிந்த பிறகே மெருகு இயந்திரத்தைத் தொட வேண்டும். தரையில் விழுந்த மைக்ரோஃபைபர் துணியை, மீண்டும் துவைக்காமல் வண்டியின்மேல் வைப்பவர் இத்தொழிலுக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்று கொள்ளலாம்.

இனி, ஓர் இளைஞரைக் கருதுவோம். அவர் பட்டம் பெற்றவர். அலுவலகம் ஒன்றில் கணக்கர். மாத ஊதியம் 28,000 ரூபாய். ஞாயிறுதோறும் மாமாவின் பழைய காரைத் துலக்குவதில் தொடங்கியது அவருடைய ஆர்வம். மங்கிக் கிடந்த வண்டி பளபளத்ததைக் கண்டு தெருவார் ஒவ்வொருவராகத் தத்தம் வண்டியைக் கொண்டுவந்தனர். முதலில் காப்பியோடு முடிந்த கைம்மாறு, பின்னர் 1,000 ரூபாயாகவும் 3,000 ரூபாயாகவும் வளர்ந்தது. மூன்றாண்டுகள் கழிந்தன. "இதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டால் என்ன?" என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது.

வீட்டில் ஒப்புதல் எளிதில் கிட்டவில்லை. "பட்டம் படித்த பிள்ளை, ஊரார் வண்டியைக் கழுவுவதா?" என்று தாய் வருந்தினார். தந்தையோ, "மாதம் பிறந்தால் வருகின்ற பணத்தை விட்டுவிட்டு, வருமா வராதா என்று வாசலைப் பார்த்து நிற்பதா, தம்பி?" என்று கேட்டார். தாயின் வினா மதிப்பைப் பற்றியது. தந்தையின் வினா கணக்கைப் பற்றியது. இரண்டுக்கும் விடை கூறும் கடமை அவ்விளைஞருக்கு இருந்தது.

கணக்கர் ஆதலின், தந்தையின் வினாவுக்கே முதலில் விடை தேடினார். ஒரு வண்டிக்கு 3,000 ரூபாய் வாங்குகிறார். மருந்துகள், துணிகள், மெருகுப் பஞ்சுகள், பெட்ரோல், இயந்திரத் தேய்மானம் ஆகியவற்றுக்கு 1,300 ரூபாய் கழிகிறது. எஞ்சுவது 1,700 ரூபாய். ஒரு வண்டிக்கு 10 மணி நேரம் உழைக்கிறார். ஆகவே, மணிக்கு 170 ரூபாய். இதுவரை இதை ஊதியம் என்றே எண்ணி மகிழ்ந்திருந்தார். ஆனால், வீட்டு முற்றத்துக்கு வாடகை இல்லை; மின்கட்டணம் தந்தையுடையது; உதவிக்கு நிற்பவர் தம்பி. இவற்றின் விலையை அவர் கணக்கில் எழுதவே இல்லை.

முழுநேரத் தொழிலாயின் கணக்கு மாறும். சிறு கொட்டகைக்கு வாடகை 12,000, மின்சாரமும் நீரும் 3,000, தொலைபேசியும் விளம்பரமும் 2,000, காப்பீடு 1,000, ஆக, 18,000 ரூபாய். இழக்கும் ஊதியம் 28,000. பழுதுக்கும் வேலையில்லா நாளுக்கும் ஒதுக்க வேண்டியது 4,000. மொத்தம் 50,000 ரூபாய். துணையின்றி ஒருவர் நேர்த்தியாக முடிக்கக்கூடியவை மாதத்துக்கு 12 வண்டிகள் எனக் கொண்டால், வண்டிக்கு ஏறத்தாழ 4,170 ரூபாய். பொருட்செலவு 1,300ஐயும் கூட்டினால் விலை 5,500 ரூபாய்க்குக் குறையலாகாது. 3,000 ரூபாய்க்கே தொடர்ந்து செய்தால், வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். வீடு கடனில் மூழ்கும். பலருடைய தொழில் வேலையில்லாமல் நொடிப்பதில்லை, விலையறியாமல் நொடிக்கிறது. ஊருக்கு ஊர் இத்தொகைகள் மாறலாம். கணக்கிடும் முறை மாறாது.

இக்கணக்கை முடித்த மாதத்திலேயே அவருக்கு ஒரு சோதனை நேர்ந்தது. அறிமுகமற்ற ஒருவர் கரிய நிற வண்டியைக் கொண்டுவந்தார். மாலைக்குள் முடிக்கும் விரைவில், இளைஞர் சுழல் இயந்திரத்தை பானட்டின் விளிம்பில் சற்றே அழுத்திப் பிடித்தார். விளிம்புகளில் பூச்சு மிக மெல்லியது. சூடும் அங்கே விரைந்து சேரும். ஒரு விரல் அகலத்துக்கு மேற்பூச்சு அற்றுப்போய், அடிவண்ணம் மங்கலாகத் தெரிந்தது. வாக்ஸ் தடவினால் அன்று மாலைக்கு மறைந்துவிடும். இரண்டு மழைக்குப் பின் வெளிப்படும். வெளிப்படும்போது, "எங்கே நேர்ந்ததோ!" என்று சொல்லிவிடவும் முடியும்.

இளைஞர் வாக்ஸ் டப்பாவைத் திறக்கவில்லை. உரிமையாளரை அழைத்து, விளிம்பைச் சுட்டிக்காட்டி, நடந்ததைக் கூறினார். வேலைக்குப் பணம் பெறவில்லை. பானட் முழுவதற்கும் வண்ணம் பூசும் செலவையும் தாமே ஏற்றார். அம்மாதத்தில் ஈட்டியதெல்லாம் அதில் கரைந்தது. உரிமையாளர் கடிந்துகொள்ளவும் இல்லை, பாராட்டவும் இல்லை, வண்டியை எடுத்துச் சென்றார், பிறகு வரவே இல்லை. ஆனால், பெயிண்ட் பட்டறையில் நின்று, தன் பிழைக்குத் தானே பணம் எண்ணிக் கொடுத்த இளைஞரைப் பட்டறைக்காரர் கவனித்திருந்தார். புதிதாக வண்ணம் பூசிய வண்டிகளை மெருகிட ஆள் தேவைப்பட்டபோது, அவர் அழைத்தது இவரைத்தான். முதலில் மாதம் ஒரு வண்டி. பின்னர் மாதம் நான்கு வண்டிகள். தொழிலின் முதல் தூண் அவ்வாறு நடப்பட்டது.

அப்பிழை அவருக்குச் சில பழக்கங்களையும் கற்பித்தது. பூச்சின் தடிப்பை அளக்கும் கருவியை வாங்கினார். விளிம்புகளுக்கு ஒட்டுநாடா இட்ட பிறகே மெருகிடலானார். சிறியதோர் இடத்தில் மென்மையான பஞ்சால் சோதித்துப் பார்த்தே முழு வண்டியைத் தொட்டார். வண்டி வந்தவுடன் உரிமையாளர் முன்னிலையில் நாற்புறமும் படமெடுத்து, முன்பே இருந்த கீறல்களையும் நசுங்கல்களையும் தாளில் எழுதிக் கையொப்பம் பெற்றார். தம் பொறுப்பில் உள்ள வாடிக்கையாளர் வண்டிக்குக் கேடு நேர்ந்தால் ஈடு செய்யும் காப்பீட்டையும் எடுத்தார். பொழுதுபோக்காளரைத் தொழில்வல்லுநராக்குபவை இத்தகைய பழக்கங்களே, பெயர்ப்பலகை அன்று.

வாக்குறுதியிலும் அவர் அளவறிந்து நின்றார். 'செராமிக் கோட்டிங்' பூசினால் நீர் முத்துமுத்தாக உருண்டோடும். அழுக்கு எளிதில் அகலும். ஆயினும், சாலையில் தெறிக்கும் கல்லின் அடியை அது தடுக்காது. கழுவும் தொல்லையையும் அறவே நீக்காது. கல்லடியைத் தாங்குவதற்கு வேண்டியது தடித்த பாதுகாப்புப் படலம். அதன் விலையும் மிகுதி. இவ்வுண்மையை முன்பே கூறியதால் சிலர் வேறிடம் சென்றனர். எஞ்சியோர் நீங்காமல் நின்றனர்.

வேலையை விடுவதில் அவர் பதறவில்லை. பணிக்கு வெளியே தொழில் செய்ய அலுவலக விதி இடந்தருகிறதா என்பதை முதலில் கேட்டறிந்தார். குடும்பத்தின் ஆறு மாதச் செலவைத் தனியே சேமித்தார். தொடர்ந்து மூன்று மாதங்களின் ஞாயிறுகள் அனைத்தும் முன்பதிவால் நிரம்பிய பிறகே விலகல் கடிதம் அளித்தார். விலையேற்றத்தைப் பழைய வாடிக்கையாளருக்கு இரண்டு மாதம் முன்னதாகவே அறிவித்தார். 3,000 ரூபாய்க்கு மேல் இயலாதவர்க்கு, அரைநாளில் முடியும் கழுவலும் வாக்ஸும் மட்டும் கொண்ட தனிப்பணியை வகுத்தார்.

சட்டமுறைகளையும் அவர் புறக்கணிக்கவில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அது இணையவழியில் கட்டணமின்றிச் செய்யத்தக்கது. உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமத்தைப் பெற்றார். தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்கினார். வீட்டுப் பணமும் தொழிற்பணமும் கலவாமல் காத்தார். பணிகள் வழங்கும் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைக் கடந்தால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும். மாதம் 12 வண்டிகள், வண்டிக்கு 5,500 ரூபாய் எனில் ஆண்டு வரவு 7,92,000 ரூபாயே. எனவே, தொடக்கத்தில் அச்சுமை இல்லை. இயந்திரங்களுக்கு முதல் தேவைப்பட்டபோது, 2015இல் தொடங்கப்பெற்ற முத்ரா திட்டத்தை நாடினார். அதில் 50,000 ரூபாய் வரை 'சிசு' பிரிவிலும், அதற்குமேல் 5 லட்சம் வரை 'கிஷோர்' பிரிவிலும் பிணையின்றிக் கடன் கிடைக்கும். தேவைக்குமேல் ஒரு ரூபாயும் அவர் வாங்கவில்லை.

தந்தையின் வினாவுக்குக் கணக்கேடு விடை கூறியது. தாயின் வினாவுக்கு விடை பின்னரே கிட்டியது. ஒருநாள் அத்தாய் உணவு கொண்டு கொட்டகைக்குச் சென்றார். மகன் விளக்கொளியில் குனிந்து, விளிம்பு விளிம்பாக ஒட்டுநாடா இட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் தாய் பேசாமல் பார்த்திருந்தார். வீடு திரும்பியதும் கணவரிடம், "அவன் வண்டி கழுவவில்லை, வைத்தியம் பார்க்கிறான்" என்றார். அதன்பின் உறவினர் வினவும்போதெல்லாம் மகனின் தொழிலை அவரே முந்திக்கொண்டு சொல்லலானார்.

பெரியோர்களே! வீட்டுப் பிள்ளை ஒன்றில் ஆர்வத்தோடு ஈடுபட்டால், உடனே தடுக்கவும் வேண்டா. உடனே பணத்தைக் கொட்டவும் வேண்டா. மூன்று வினாக்களைக் கேட்டால் போதும். உன் உழைப்புக்கு உண்மையான விலை என்னவென்று கணக்கிட்டாயா? பிறர் பொருளைக் கெடுத்தால் ஈடு செய்ய என்ன வைத்திருக்கிறாய்? வரவில்லாத ஆறு மாதங்களை வீடு எவ்வாறு கடக்கும்? இம்மூன்றுக்கும் தாளில் எழுதி விடை தரும் பிள்ளையை நம்பலாம்.

இளைஞர்களே! கைத்தொழில் எதுவும் தாழ்ந்ததன்று. அரைகுறையாகச் செய்வதே தாழ்வு. கண்ணுக்குத் தெரியும் பளபளப்பை எவரும் ஒருநாள் உண்டாக்கலாம். விளிம்பில் நேர்ந்த பிழையை மறைக்காமல் காட்டும் துணிவே வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெற்றுத் தரும். அந்நம்பிக்கையே தொழிலின் முதல்.